தடங்கல் இல்லாமல் வாசிக்கிறான், கேள்வி கேட்டால் விழிக்கிறான்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் தெரியாதபடி அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

மகன் தமிழ்வழியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். பாடத்தை வாசிக்கச் சொன்னால் எங்கும் திக்காமல், கணீரென்று வாசிக்கிறான். பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளுக்கு மனப்பாடமாக விடை சொல்கிறான். ஆனால் தேர்வில் அதுவரை பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்டால் தடுமாறுகிறான். கேள்வியில் உள்ள ஒரு சொல் பத்தியில் எங்கே வருகிறதோ, அந்த வரியை அப்படியே எடுத்து எழுதுகிறான். ‘ஏன்’, ‘எதனால்’, ‘உன் கருத்து என்ன’ என்று கேட்ட இடங்களை வெறுமையாக விட்டுவிடுகிறான். ஓணப் பரீட்சையில் இப்படி நடந்தது. கிறிஸ்துமஸ் பரீட்சையிலும் அதே கதை. கணக்கிலும் நேரடிக் கணக்குகளைச் சரியாகச் செய்பவன், வாக்கியமாகக் கேட்கும் கணக்குகளில் சறுக்குகிறான்.

தாய் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். தந்தைக்குத் தென்னந்தோப்புக் குத்தகை. பொள்ளாச்சியில் வாங்கிய கைடிலிருந்து தினமும் இரண்டு பத்திகளைக் கொடுத்து விடை எழுதச் சொல்கிறார் தாய். மாலையில் டியூஷனும் உண்டு. “கவனம் போதவில்லை” என்கிறார் வகுப்பாசிரியர். வருகிற ஜூனில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். கேரளத்தில் இருந்துகொண்டு மலையாளவழியில் படிக்காமல் போனால் பிழைப்பு எப்படி என்று கேட்கிறார் மாமியார். “என் மகன் மந்தமா? இது ஏதாவது குறைபாடா? தமிழ்வழியில் போட்டதுதான் நான் செய்த தவறா? ஆண்டுப் பரீட்சைக்குள் இதைச் சரிசெய்ய முடியுமா?” இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் நடுவில், வேறு ஏதோ சொல்ல வந்த இடத்தில், இரண்டு செய்திகளை எழுதியிருக்கிறீர்கள். ஊர்த் திருவிழாவில் பார்த்த கூத்தை உங்கள் மகன் மறுநாள் பாட்டிக்கு முதலிலிருந்து கடைசி வரை சொல்வான் என்பது ஒன்று. தோப்புக்குத் தண்ணீர் முறை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதை அப்பாவுக்கு நினைவூட்டுபவனே அவன்தான் என்பது மற்றொன்று. எனக்கு உங்கள் கடிதத்தில் இவைதான் முக்கியமான வரிகள். ஒரு நீண்ட கதையின் போக்கைப் பிடித்து, யார் எதற்காக என்ன செய்தார் என்று வரிசை குலையாமல் சொல்லும் பிள்ளையை மந்தம் என்று சொல்ல முடியாது. அந்தச் சொல்லை அவன் காதுபட யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதில் கேட்ட அந்தச் சொல்லை முப்பது வயதிலும் சுமப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, காதால் கேட்டால் விளங்குகிறது, கண்ணால் படித்தால் விளங்கவில்லை என்று தோன்றுகிறது. உண்மையில் அப்படித்தானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். நீங்கள் செய்ய வேண்டிய அடுத்த வேலை எது என்பது அதைப் பொறுத்தது.

வாசிப்பது வேறு, விளங்குவது வேறு

தடங்கல் இல்லாமல் வாசிப்பதால் அவனுக்கு வாசிப்பில் குறை இல்லை என்று எண்ணியிருக்கிறீர்கள். எல்லாப் பெற்றோரும் அப்படித்தான் எண்ணுவார்கள். ஆனால் தமிழ் எழுத்து ஒலிக்கு நெருக்கமானது. எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளை, பொருள் தெரியாத சொல்லையும் கம்பீரமாக வாசித்துவிடும். குரலை மட்டும் கேட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

1986இல் காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை எளிய கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே படித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டினால் அல்ல, பெருக்கினால். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அவன் இதுவரை படிக்காத, ஏறக்குறைய ஒரே கடினமுள்ள மூன்று பத்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதை நீங்கள் நிதானமாக வாசித்துக் காட்டுங்கள்; அவன் கேட்டுவிட்டுத் தன் சொற்களில் சொல்லட்டும். இரண்டாவதை அவன் வாய்விட்டு வாசித்து, தாளை மூடிவிட்டுச் சொல்லட்டும். மூன்றாவதை மௌனமாகப் படித்துவிட்டுச் சொல்லட்டும். கேள்வி கேட்காதீர்கள், எழுதவும் சொல்லாதீர்கள். “என்ன வந்தது, சொல்லு” என்பது மட்டும் போதும். ஒரு நாளில் முடிவுகட்டாமல், வேறு பத்திகளோடு இன்னொரு நாளும் பாருங்கள்.

கேட்டதை நன்றாகச் சொல்லி, வாசித்ததைச் சொல்ல முடியாமல் போனால், எழுத்தை ஒலியாக்குவதிலேயே அவன் கவனம் முழுவதும் செலவாகிறது என்று கொள்ளலாம். அப்போது தேவைப்படுவது எளிய நூல்களை நிறைய, நிதானமாகப் படிப்பது. கேட்டதையும் வாசித்ததையும் சொல்ல முடியவில்லை என்றால், சிக்கல் அந்தப் பத்தியின் சொற்களிலும் அது பேசும் பொருளிலும் இருக்கிறது. வாய்விட்டு வாசித்ததைவிட மௌனமாகப் படித்ததை நன்றாகச் சொன்னால், அவனை எல்லோர் முன்பும் கணீரென்று வாசிக்க வைப்பதைச் சிறிது குறைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் அவன் வாசிப்பது உங்களுக்காகத்தான், தனக்காக அல்ல.

மூன்றிலும் நன்றாகச் சொல்லிவிட்டு, கேள்வித்தாளில் மட்டும் தடுமாறுகிறான் என்றால் அது வேறு விஷயம். உங்கள் மகன் இந்த வகையைச் சேர்ந்தவன் என்றே நினைக்கிறேன்.

கவனக்குறைவு அல்ல, பழக்கம்

கேள்வியிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடி அந்த வரியை எழுதுவதைக் கவனக்குறைவு என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் மீது எனக்குக் குறை இல்லை. நாற்பது தாள்களைத் திருத்தும்போது அப்படித்தான் தெரியும். ஆனால் கவனமில்லாத பிள்ளை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகத் தவறு செய்யும். உங்கள் மகன் எல்லா முறையும் ஒரே விதமாகச் செய்கிறான். அது கற்றுக்கொண்ட உத்தி. பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளில் பல ஆண்டுகளாக அந்த உத்தி அவனுக்கு மதிப்பெண் வாங்கித் தந்திருக்கிறது. இந்தக் கேள்விக்கு இந்த வரி என்று அடையாளம் இட்டுத் தந்து, அதையே மனப்பாடம் செய்ய வைத்தவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.

தினமும் இரண்டு பத்தி, பத்துக் கேள்வி என்ற உங்கள் முறையை இந்தக் காரணத்தால்தான் நிறுத்தச் சொல்கிறேன். உங்கள் உழைப்பில் குறையே இல்லை. ஆனால் கேள்வி கேட்டுத் திருத்துவது சோதிப்பது, கற்பிப்பது அல்ல. 1978–79இல் வெளியான ஓர் ஆய்வுக்காக டோலோரஸ் டர்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர், நான்காம் வகுப்பு வாசிப்பு வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுத்தார். பொருளைப் புரிந்துகொள்வது எப்படி என்று ஆசிரியர் சொல்லிக் கொடுத்த நேரம், மொத்த நேரத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. கேள்வி கேட்டு விடை சரியா என்று பார்த்ததில்தான் நேரம் போயிருந்தது. நம் வீடுகளிலும் டியூஷன்களிலும் இன்று நடப்பதும் இதுதான். நீச்சல் தெரியாத பிள்ளையைத் தினமும் கிணற்றில் தள்ளி, மூழ்குகிறானா என்று பார்ப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

கைடைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பொள்ளாச்சியில் வாங்கியது தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கானது. கேரளத்தில் ஏழாம் வகுப்புப் புத்தகங்கள் 2024இல் மாறிவிட்டன. கேள்விகள் வரும் விதமும் வேறு. இங்கே நாட்குறிப்பு எழுது, அறிவிப்பு தயாரி, உரையாடலைத் தொடர்ந்து எழுது என்றெல்லாம் கேட்பார்கள். படித்ததைத் தனதாக்கிக்கொண்டவனால்தான் அவற்றை எழுத முடியும். கைடில் உள்ள பத்திகளைப் படிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள், விடைப் பகுதியைக் கிழித்துத் தனியே எடுத்து வையுங்கள்.

ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம்

உங்கள் ஊர்ப் பொருளிலேயே ஒரு சிறு பத்தி எழுதித் தருகிறேன்.

“ஆழியாற்றில் திறக்கப்படும் நீர் மணக்கடவு அணைக்கட்டில் அளக்கப்படுகிறது. அங்கிருந்து மூலத்தறைக்கு வந்து, கால்வாய்களில் பிரிந்து, சித்தூர் வட்டத்து வயல்களுக்கும் தோப்புகளுக்கும் பாய்கிறது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, ஜூலை முதல் அடுத்த ஜூன் வரையிலான ஓராண்டில் கேரளத்துக்கு 7.25 டிஎம்சி நீர் கிடைக்க வேண்டும். அது எந்த மாதத்தில் எவ்வளவு வருகிறது என்பதைப் பார்த்தே கடைமடை உழவர்கள் நடவைத் தொடங்குகிறார்கள்.”

கேள்விகள் மூன்று. நீர் எங்கே அளக்கப்படுகிறது? கடைசி வாக்கியத்தில் ‘அது’ என்பது எதைக் குறிக்கிறது? 7.25 டிஎம்சி நீர் முழுவதும் வந்துவிட்ட ஓர் ஆண்டிலும் கடைமடையில் பயிர் காயக்கூடுமா, ஏன்?

முதல் கேள்விக்கு விடை வரியிலேயே இருக்கிறது. உங்கள் மகன் சரியாக எழுதுவான். இரண்டாவதற்கு ஒரு வாக்கியம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். மூன்றாவதற்கு அவன் என்ன எழுதுவான் என்று என்னால் சொல்ல முடியும்: “1970ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி கேரளத்துக்கு 7.25 டிஎம்சி நீர் கிடைக்க வேண்டும்.” ஏனென்றால் 7.25 டிஎம்சி என்ற சொல் அந்த வரியில்தான் இருக்கிறது. கேள்வி கேட்டதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

ஆனால் அதே கேள்வியைத் தோப்பில் நின்றுகொண்டு அப்பா கேட்டால் என்ன சொல்வான்? “நடவு நேரத்தில் வராமல் மழைக்காலத்தில் மொத்தமாக வந்தால் என்ன பிரயோஜனம்?” என்று சொல்லிவிடுவான். விடை அவனிடம் இருக்கிறது. தேர்வுத் தாளில் அதை எழுதலாம் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. தாளில் இருப்பதைத் தவிர வேறு எதையும் எழுதக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இதைச் சொல்லிக் கொடுக்க நீங்கள் ஆசிரியர் பயிற்சி பெற்றிருக்க வேண்டியதில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களே பத்தியை மெதுவாக வாசித்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். “அங்கிருந்து என்கிறார்கள், எங்கிருந்து? மேலே மணக்கடவு என்று வந்ததே, அங்கிருந்துதான். இங்கே ஓராண்டு என்று ஏன் அவ்வளவு விளக்கமாகச் சொல்கிறார்கள்? ஆண்டுக்கு இவ்வளவு என்றால் மாதத்துக்கு இவ்வளவு என்று கணக்கு இல்லை போலிருக்கிறது. கடைமடை என்றால் கால்வாயின் கடைசி வயல், தண்ணீர் கடைசியாகப் போகும் இடம்.” நன்றாகப் படிப்பவர்கள் மனதுக்குள் செய்வது இதுதான். அது வெளியே தெரிவதில்லை என்பதால், சில பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று நடக்கிறது என்றே தெரியாமல் போய்விடுகிறது.

சில நாள் நீங்கள் செய்து காட்டிய பிறகு, முதல் இரண்டு வாக்கியங்களுக்கு நீங்கள், அடுத்த இரண்டுக்கு அவன் என்று மாறுங்கள். பிறகு கேள்வி கேட்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். பத்தியைப் படித்துவிட்டு உங்களை மடக்க மூன்று கேள்விகள் போட வேண்டும். ஒன்றுக்கு விடை வரியில் இருக்க வேண்டும், ஒன்றுக்கு இரண்டு வரிகளைச் சேர்த்தால் வர வேண்டும், ஒன்றுக்குப் படித்ததோடு தனக்குத் தெரிந்ததையும் சேர்த்தால்தான் வர வேண்டும். கேள்வி போடப் பழகிய பிள்ளை, கேள்வியைப் பார்த்ததும் அது எந்த வகை என்று இனம் கண்டுகொள்ளும். இந்த வேலைக்கு இருபது நிமிடம் போதும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள், தினமும் நடந்தால் நல்லது. வாக்கியக் கணக்குகளுக்கும் இதையே செய்யலாம்: எண்களை மறைத்துவிட்டு, “இங்கே என்ன நடக்கிறது?” என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். கதை பிடிபட்டால் கூட்டலா கழித்தலா என்பது தானே தெரியும்.

உலகம் தெரிந்தவனுக்குப் பத்தி எளிது

பத்திகளைப் போட்டுப் போட்டுப் பழகினால் ‘புரிந்துகொள்ளும் திறன்’ என்று ஒன்று தனியாக வளர்ந்துவிடும், அதை எந்தப் பத்திக்கும் பயன்படுத்தலாம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர், உங்கள் மகன் வயதையொத்த 64 மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று பெயர் வாங்கியிருந்தும் அந்த ஆட்டத்தை நன்கு அறிந்த பிள்ளைகள், வாசிப்பில் சிறந்தவர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். மேலே எழுதிய பத்தியைச் சென்னையில் முதல் மதிப்பெண் வாங்கும் ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். கடைமடை என்ற சொல்லிலேயே நின்றுவிடக்கூடும்.

ஆகவே அவன் பல விஷயங்களைப் பற்றிப் படிக்கவும் கேட்கவும் வேண்டும். நீங்கள் தினசரி வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து ஒரு செய்தியை அவனே தேர்ந்தெடுத்துப் படித்து, வீட்டில் ஒருவருக்குச் சொல்லட்டும். ஒரே பொருளில் ஒரு வாரம் படிப்பது இன்னும் நல்லது: யானை வழித்தடம் என்றால் அந்த வாரம் முழுவதும் அதைப் பற்றியே. முதல் நாள் தெரியாத சொற்கள் நான்காம் நாள் பழகியவையாகிவிடும். பாட்டியிடம் கதை சொல்வதை நிறுத்தவே விடாதீர்கள்.

கேரளத்தில் ஊருக்கு ஊர் நூலகம் இருப்பது உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த பேறு. பி. என். பணிக்கர் 1945இல் தொடங்கி வளர்த்த நூலக இயக்கத்தின் பயன் அது. அவர் மறைந்த ஜூன் 19ஐத்தான் உங்கள் பள்ளியில் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். உங்கள் ஊர் வாசகசாலையில் தமிழ்ப் புத்தகங்கள் குறைவாக இருந்தால், நாலைந்து பெற்றோர் சேர்ந்து எழுத்து மூலம் கேளுங்கள். தமிழ் பேசுவோர் வாழும் ஊரில் அது நியாயமான கோரிக்கை.

வேறொன்றும் இருக்கிறது. நம் பிள்ளைகள் பேசும் தமிழும் புத்தகத் தமிழும் எங்கும் வேறுதான். எல்லைப் பகுதியில் பேச்சில் மலையாளமும் கலந்திருப்பதால் அந்த இடைவெளி சற்றுப் பெரிது. ‘இருப்பினும்’, ‘ஆகையால்’, ‘அதற்கு மாறாக’ போன்ற சொற்கள் பேச்சில் வருவதே இல்லை. ஆனால் ஒரு பத்தியின் திருப்பம் முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது. அவை வரும் இடத்தில் நின்று, “இதற்கு முன்னால் சொன்னதற்கும் பின்னால் சொல்வதற்கும் என்ன உறவு?” என்று கேட்டுப் பழக்குங்கள். அவன் பேச்சைத் திருத்த வேண்டாம். பேசுகிறபடி பேசட்டும்.

தேர்வு அறையில்

உங்கள் பிள்ளைக்கு உடனடியாகப் பயன் தரக்கூடியது ஒன்று இருக்கிறது. கேள்வித்தாள் கையில் கிடைத்ததும், எழுதத் தொடங்கும் முன் படித்துப் பார்ப்பதற்கென்றே கேரளத்தில் 15 நிமிடம் தருகிறார்கள். கூல் ஆஃப் டைம் என்று பிள்ளைகள் சொல்வது அதைத்தான். பெரும்பாலான பிள்ளைகள் அந்த நேரத்தில் தெரிந்த கேள்வி எது, தெரியாத கேள்வி எது என்று மட்டும் பார்த்துவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் மகன் அதைப் பத்திக் கேள்விக்காக வைத்துக்கொள்ளட்டும். முதலில் கேள்விகளைப் படிக்க வேண்டும், பிறகு பத்தியை முழுவதுமாக, பிறகு மீண்டும் கேள்விகளை. ஒவ்வொரு கேள்வியும் வரியில் உள்ளதா, சேர்த்துப் பார்க்க வேண்டியதா, தன் அறிவைக் கேட்பதா என்று மனதில் குறித்துக்கொள்ள வேண்டும்.

‘ஏன்’ என்று கேட்டால் விடை ‘ஏனென்றால்’ என்றோ, ‘ஆல்’ என்று முடியும் சொல்லோடோ வர வேண்டும். எழுதிய விடையைக் கேள்வியோடு சேர்த்து ஒரு முறை வாசித்துப் பார்த்தாலே, பொருந்துகிறதா இல்லையா என்று அவனுக்கே கேட்டுவிடும். கருத்துக் கேள்வியை ஒருபோதும் வெறுமையாக விடக்கூடாது. அதற்கு ஒரே விடை என்று எதுவும் இல்லை, காரணம் சொன்னால் மதிப்பெண் உண்டு என்பதை அவனுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

பயிற்றுமொழியை மாற்றலாமா?

இந்த இடத்தில் கணவரும் உங்களுடன் சேர்ந்து படித்தால் நல்லது.

தமிழ்வழியில் சேர்த்தது நீங்கள் செய்த தவறு அல்ல. அவனுக்குள்ள உரிமை அது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழியே கற்கும் வசதியை அரசு செய்து தர வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350ஏ பிரிவு. இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். கேரளத்தில் எஸ்எஸ்எல்சி தேர்வையும் தமிழில் எழுதலாம்.

உரிமை இருக்கிறது என்பதற்காக அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலவழிக்குப் போகக் குடும்பத்துக்கு வேறு காரணங்கள் இருக்கலாம். ஆனால் இந்தச் சிக்கலுக்கு அது மருந்து அல்ல. தமிழில் படித்ததில் பொருள் தேடும் பழக்கம் இன்னும் வராத பிள்ளை, எட்டாம் வகுப்பில் அறிவியலையும் சமூக அறிவியலையும் ஆங்கிலத்தில் சந்திக்கும்போது, மனப்பாடத்தை முன்பைவிட இறுகப் பிடித்துக்கொள்வான். மதிப்பெண் சில காலம் கூடவும் கூடும். பாதிப்பு பிறகுதான் தெரியும். மாநிலமும் பாடத்திட்டமும் மொழியும் ஒரே ஜூனில் மாறுவது பன்னிரண்டு வயதுக்குப் பெரிய சுமை. வீட்டில் இப்போது அவனுக்கு உதவக்கூடியவர் நீங்கள் ஒருவர். அங்கே போனால் அந்த உதவியும் குறைந்து, எல்லாம் டியூஷனிடம் போய்விடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஒரு மொழியில் படித்துப் பொருள் பிடிக்கக் கற்றவனுக்கு, அந்தப் பழக்கம் அடுத்த மொழியிலும் கைகொடுக்கும். எனவே முதலில் தமிழில் அதை ஊன்றச் செய்யுங்கள். மாற்ற வேண்டுமென்றால் பத்தாம் வகுப்புக்குப் பிறகு எப்படியும் அந்தக் கட்டம் வரும். அதற்குள் ஆங்கிலத்தை ஒரு பாடமாக நன்றாகக் கற்கட்டும்.

உங்கள் மாமியார் சொல்வதிலும் நியாயம் உண்டு. கேரளத்தில் வாழப் போகிறவன் மலையாளத்தை எழுதப் படிக்க நன்றாக அறிந்திருக்க வேண்டும். அவன் ஏற்கெனவே சரளமாகப் பேசுகிறான். மலையாள நாளிதழின் தலைப்புகளை வாசிப்பதில் தொடங்கலாம். அதற்காகப் பயிற்றுமொழியையே மாற்ற வேண்டியதில்லை.

ஆண்டுப் பரீட்சைக்குள்

மார்ச்சுக்குள் பத்திக் கேள்விகளை வெறுமையாக விடும் வழக்கம் நிற்கும், வரியைப் பெயர்த்து எழுதுவது குறையும் என்று எதிர்பார்க்கலாம். அறிவும் சொல்வளமும் சேர்ந்து வரும் முழு முன்னேற்றத்துக்கு ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும். அதற்கு முன்பே பலன் காட்டுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். டியூஷன் ஆசிரியரிடம், விடையை எழுதிக் கொடுப்பதை நிறுத்திவிட்டு அவனையே பேச வைக்கச் சொல்லுங்கள். அவருக்கு அது இயலாது என்றால் வாரத்தில் சில நாளாவது டியூஷனைக் குறைத்து, அந்த நேரத்தைப் புத்தகத்துக்கும் விளையாட்டுக்கும் கொடுங்கள்.

எட்டாம் வகுப்பைப் பற்றியும் உங்களுக்குப் பயம் இருக்கிறது. 2024–25 கல்வியாண்டிலிருந்து கேரளத்தில் எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் குறைந்தது 30 சதவீதம் எடுக்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். எடுக்காத பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடத்தி மறுதேர்வு வைக்கிறார்கள். நீங்கள் எழுதிய மதிப்பெண்களைப் பார்த்தால் உங்கள் மகன் அந்த எல்லைக்கு வெகு மேலே இருக்கிறான்.

குறைபாடு என்று எப்போது ஐயப்பட வேண்டும்?

உங்கள் கடிதத்தில் கற்றல் குறைபாட்டுக்கான அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் முதலில் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதுவதில் தவறு வருகிறதா என்றும் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

மேலே சொன்ன சோதனையில் கேட்டது நன்றாக விளங்கி, வாசித்தது தொடர்ந்து விளங்காமலே போனால், அல்லது புதிய சொற்களில் எழுத்துகளை மாற்றிப் படித்தால், பார்த்து எழுதும்போதும் எழுத்துகளை விட்டுவிட்டால், தலைமையாசிரியரிடம் சொல்லி உங்கள் பகுதியின் வட்டார வள மையத்தை, அதாவது பிஆர்சியை, அணுகுங்கள். சிறப்புக் கல்வியாளர்கள் அங்கே இருக்கிறார்கள், கட்டணம் இல்லை. தமிழ் தெரிந்தவர் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மலையாளத்தில் மட்டும் சோதித்துவிட்டு முடிவு சொன்னால் ஏற்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. போகும்போது இரண்டு பரீட்சைகளின் விடைத்தாள்களையும் அவனுடைய நோட்டுப் புத்தகம் ஒன்றையும், வீட்டில் நீங்கள் செய்த சோதனையில் அவன் என்ன சொன்னான் என்ற குறிப்பையும் கொண்டுபோங்கள்.